நடுவில் இடமில்லை

அயனம்பாக்கத்திலும் அதை ஒட்டிய அத்திப்பட்டு, நொளம்பூர் பக்கங்களிலும் வீடுகளின் பக்கவாட்டில் நிற்கிற இரும்புச் சுழல் படிக்கட்டுகளில் பல நான் வரைந்து கொடுத்தவை. எல்லாம் நான்கடி விட்டம். வயதானவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் கைக்குழந்தைக்காரர்களும் நாள்தோறும் ஏறி இறங்குகிற வழிக்கு நான்கடி போதாது என்று தெரிந்தேதான் வரைந்தேன். அப்படியொரு படியில் ஓர் அம்மா விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டபோது, படியில் குறை இல்லை என்று அவர் கணவரிடம் சொன்னேன். அது பொய். இந்த இரண்டு தவறுகளையும் ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும்.

என் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் டர்னர். 1964-இல் அந்தத் தொழிற்பேட்டை வந்த பிறகு எங்கள் அப்பாவைப் போல எத்தனையோ பேர் ஊரை விட்டு வந்து லேத்திலும் மில்லிங்கிலும் நின்று பிழைத்தார்கள். ஓய்வு பெறும் தறுவாயில் கையில் வந்த பணத்தைக் கொண்டு வானகரம் – அம்பத்தூர் சாலையை ஒட்டியும் ஏரிப் பக்கமும் மனை வாங்கினார்கள். முழு கிரவுண்டு வாங்க முடிந்தவர்கள் சிலர்தான். அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி, பெரும்பாலோருக்கு. அதையும் அண்ணன் தம்பி இரண்டாகப் பிரித்து 600 சதுர அடியில் கட்டிக்கொண்டவர்களும் உண்டு. முதலில் கீழ்த்தளம். பிள்ளைகள் படித்து முடித்ததும் மேலே ஒரு போர்ஷன் எடுத்து வாடகைக்கு விடுவது. மேல் வீட்டுக்கு வழி வெளியிலிருந்து இருக்க வேண்டும். அந்த வழிக்கு இடம் தேடும்போதுதான் என்னிடம் வருவார்கள்.

கணக்கு எளிமையானது. தளத்தின் உயரம் பத்தடி. நேர்ப் படிக்கட்டு என்றால் மூன்றடி அகலம், பன்னிரண்டடி நீளம். 36 சதுர அடி போய்விடும். மேலே நின்று திரும்புகிற மேடைக்கு இடம் தனி. நான்கடிச் சுழல் படி 16 சதுர அடியில் முடிந்துவிடும். மிச்சமாகும் இடத்தில் ஒரு ஸ்கூட்டர் நிற்கும், அல்லது சமையலறை கொஞ்சம் பெரிதாகும். வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிடும். அந்த மலர்ச்சிக்காக நான் சொல்லாமல் விட்டவை நிறைய.

என்னென்ன விட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் நாலு அங்குலக் குழாய். அதிலிருந்து நாலா பக்கமும் விரியும் படிகள், ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு. படியின் வெளி விளிம்பில் கால் வைக்கப் பன்னிரண்டு அங்குலம் கிடைக்கும். மனிதன் இயல்பாக நடக்கும் கோட்டில், அதாவது மையத்திலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, எட்டு அங்குலம் சொச்சம். மையத்திலிருந்து அரையடி தூரத்தில் வெறும் மூன்று அங்குலம். அங்கே ஒரு குழந்தையின் பாதம்கூட முழுதாக நிற்காது. வீட்டுப் படிக்கு மிதிக்கும் அகலம் 25 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, ஏறும் உயரம் 19 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. நான் வைத்த உயரம் எட்டு அங்குலம், 20 சென்டிமீட்டருக்கு மேல். தீப்பிடித்தால் தப்பிக்கும் வழியாகச் சுழல் படி வைத்தால் விட்டம் 150 சென்டிமீட்டருக்குக் குறையவே கூடாது என்றும், ஆள் புழக்கம் குறைந்த, 9 மீட்டர் உயரத்துக்குள் அடங்கிய கட்டடங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றும் அதே தொகுப்பில் இருக்கிறது. நான் கொடுத்தது 122 சென்டிமீட்டர். அந்த விதி தீ விபத்து வழிக்குத்தானே, வீட்டுப் படிக்கு இல்லையே என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். மேல் போர்ஷனுக்கு அதை விட்டால் வேறு வழியே கிடையாது. தீப்பிடித்தாலும் அதில்தான் இறங்க வேண்டும். இது எனக்குத் தெரியாதா? தெரியும்.

இடம் மிச்சமாகும் என்பது வீட்டுக்காரர்களுக்குச் சொன்ன காரணம். எனக்கு இன்னொரு காரணம் இருந்தது. சுருள் வடிவத்தின் மீது சின்ன வயதிலிருந்தே எனக்கு மயக்கம்.

அது அப்பாவின் பட்டறையில் பிடித்தது. பள்ளி விடுமுறையில் மதியச் சாப்பாடு கொண்டுபோவேன். லேத்தில் கம்பி சுற்றும்போது உளியின் முனையிலிருந்து இரும்பு நீலம் பாய்ந்து சுருண்டு சுருண்டு விழும். தொட்டால் கையைக் கிழித்துவிடும் என்று அப்பா அதட்டுவார். ஒரு நாள், லேத்தில் கம்பியைக் கவ்விப் பிடிக்கும் மூன்று தாடைச் சக்கைக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு கனத்த இரும்பு உருளை, மூன்று தாடை, சாவி போட ஓட்டை, அவ்வளவுதான். உள்ளே ஒரு தட்டு. அதன் முகத்தில் கோலம் போட்டதுபோல ஒரே ஒரு பள்ளம், விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சம இடைவெளியில் சுற்றிச் சுற்றி வந்தது. தாடைகளின் பற்கள் அந்தப் பள்ளத்தில் உட்காரும். சாவியைத் திருகினால் தட்டு சுழலும். மூன்று தாடைகளும் ஒரே அளவு உள்ளே வரும், ஒரே அளவு வெளியே போகும். எந்தக் கம்பியைக் கொடுத்தாலும் மையம் தானாகச் சரியாகிவிடும். தாடைகளில் 1, 2, 3 என்று எண் வெட்டியிருக்கும். அதே வரிசையில்தான் போட வேண்டும். "மாத்திப் போட்டா சென்டர் வராதுடா" என்றார் அப்பா. மூன்றாவது தாடையை நானே போட்டுச் சாவியைத் திருக விட்டார். மூன்றும் ஒன்றாக நகர்ந்து வந்தன. நான் கட்டடத் துறைக்குப் போனாலும் அந்தத் தட்டு என் கண்ணை விட்டு அகலவில்லை.

பிறகு எங்கே போனாலும் அதையே தேடினேன். அயனம்பாக்கம் ஏரியில் தண்ணீர் இறங்கும் மாதங்களில் கரைச் சேற்றில் நத்தை ஓடுகள் கிடக்கும். பொறுக்கி வந்து மேசையில் அடுக்குவேன். நத்தை வளர வளர ஓட்டின் வாய் விளிம்பில் மட்டும் புதிதாகச் சேர்த்துக்கொண்டே போகும். ஏற்கெனவே கட்டியதை இடிப்பதில்லை, அளவு பெருகினாலும் உருவம் மாறுவதில்லை. தென்னையிலும் மட்டைகள் சுருள் வரிசையில்தான் ஏறும். சில மரங்கள் இடப்பக்கமாகவும் சில வலப்பக்கமாகவும் சுற்றும். டி.ஏ. டேவிஸ் என்ற ஆய்வாளர் தென்னைகளின் இந்தச் சுற்றைக் கணக்கெடுத்து ஆராய்ந்தார். தாய்மரம் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அந்தப் பக்கமே பிள்ளை மரமும் சுற்றும் என்பதில்லை, அது பரம்பரையாக வருவதல்ல என்று 1962-இல் எழுதினார். இதையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன். படித்ததை வீட்டுக்காரர்களிடம் சொன்னேன். நத்தை ஓட்டை எடுத்து மேசையில் வைத்து, "இயற்கையே இப்படித்தான் சார் இடத்தை மிச்சம் பிடிக்குது" என்பேன். கேட்டவர்கள் நம்பினார்கள். படித்த பையன், அழகாகப் பேசுகிறான் என்று நம்பினார்கள். ஒரு நல்ல விஷயத்தைத் தெரிந்துகொண்டு அதை ஆளை மடக்கப் பயன்படுத்தினேன். பணம் வாங்கிக்கொண்டு குறைவாக வேலை செய்வதைவிட இது கேவலமான காரியம் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த அம்மாவின் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் கணவரை நான் சார் என்றுதான் கூப்பிடுவேன். எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கீழ்த்தளத்தைக் கடைக்கு விட்டால் வாடகை கூட வரும் என்று இருவரும் மேலே குடியேறினார்கள். என்னிடம் தயாராக ஒரு வரைபடம் இருந்தது. ஏறும்போது வலப்பக்கமாகச் சுற்றும் படி. அதில் ஒரு நன்மை உண்டு. இறங்கும்போது நடுக்குழாய் இடது பக்கமும் வெளிக் கைப்பிடி வலது பக்கமும் வரும். பெரும்பாலோருக்கு வலது கைதான் பலம்; இறங்கும்போதுதான் ஆட்கள் விழுகிறார்கள்; ஆகவே வலது கை கைப்பிடியில் இருக்கும், கால் தானாக அகலமான விளிம்புப் பக்கம் போகும். ஆனால் அந்த வீட்டில் செப்டிக் டேங்க் மூடி குறுக்கே வந்தது. படியின் தொடக்கம் எதிர்ப்பக்கம் இருந்தால்தான் கேட்டிலிருந்து நேராக ஏறலாம். நான் வரையும் ஆட்டோகேட் மென்பொருளில் மிரர் என்று ஒரு கட்டளை இருக்கிறது. கோட்டைக் காட்டினால் வரைபடம் முழுதும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பிவிடும். திருப்பினேன். அச்செடுத்தேன். வெல்டிங் பட்டறைக்கு அனுப்பிவிட்டேன். அந்தப் படியில் ஓர் ஆள் எப்படி இறங்குவார் என்று ஒருமுறைகூட மனத்தில் இறங்கிப் பார்க்கவில்லை.

அந்த அம்மா விடியற்காலையில் கீழே கோலம் போட இறங்குவார். ஒரு கையில் தண்ணீர் வாளி, இன்னொரு கையில் கோலமாவு டப்பா. நடுக்குழாய் இப்போது வலது பக்கம். வலது கையில் வாளி இருந்தால் குழாயில் இடிக்கும். அதனால் வாளியை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். இடது பக்கம் இருந்த வெளிக் கைப்பிடியைப் பிடிக்க அவருக்குக் கை இல்லை. டப்பா பிடித்த வலது கையின் முழங்கையைக் குழாயில் ஊன்றிக்கொண்டே இறங்குவார். உடம்பு குழாய்ப் பக்கம் சாயும். காலும் அந்தப் பக்கமே போகும், மூன்று அங்குலப் பக்கம். இதையெல்லாம் விழுந்த பிறகு அவரே எனக்குச் செய்து காட்டினார், கட்டிலில் உட்கார்ந்தபடி, கையை மடக்கி.

விழுந்ததற்கு முந்தின இரவில் மழை பெய்திருந்தது. மருத்துவமனை வாசலில் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, உண்மையச் சொல்லு. படியில ஏதாச்சும் குறை இருக்கா?"

"இல்லீங்க சார். படி சரியாத்தான் இருக்கு. ராத்திரி மழை பெஞ்ச ஈரம். அம்மா கொஞ்சம் பார்த்து இறங்கியிருக்கலாம்."

சொல்லி முடிக்கும் முன்பே எனக்குத் தெரியும். வரைபடத்தைத் திருப்பிப் போட்டது அந்த நொடியில் கண்முன் நின்றது. ஈரம் ஒரு காரணம்தான். ஆனால் வெளி விளிம்பில் காலும் கைப்பிடியில் கையும் இருந்திருந்தால் ஈரத்தில் வழுக்கினாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சார் நான் சொன்னதை அப்படியே நம்பினார். உள்ளே போய் அந்த வலியில் கிடந்தவரைக் கடிந்துகொண்டார். "இன்ஜினியர் தம்பியே சொல்லுது, பார்த்து இறங்க மாட்டியா?" நான் கதவருகில் நின்றேன். வாய் திறக்கவில்லை.

அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தவர் மாதக்கணக்கில் கீழே இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்குப் போய்வந்தவர். பார்க்கப் போனபோது, "என் தப்புதான் தம்பி, வயசாயிடுச்சில்ல" என்றார். அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தேன். பொய் சொன்னதைவிட அந்தத் தலையாட்டல்தான் என்னை அதிகம் அரிக்கிறது. பொய் அச்சத்தில் வந்தது. தலையாட்டியபோது எனக்கு எந்த அச்சமும் இல்லை, ஆசுவாசம்தான் இருந்தது.

அதன் பிறகும் நான்கடிப் படி வரைவதை நிறுத்தினேனா என்றால் இல்லை. வலப்பக்கம் சுற்றும் வரைபடத்தை மட்டும் கொடுத்தேன், அவ்வளவுதான். வேறொரு வீட்டில் மேல் போர்ஷனில் இருந்த ஒருவருக்கு நெஞ்சு வலி. 108 வந்தது. ஸ்ட்ரெச்சரை முதல் படிக்கு மேல் கொண்டுபோக முடியவில்லை. ஆறடிக்கு மேல் நீளம் உள்ளதை நான்கடி வட்டத்துக்குள் எப்படித் திருப்புவது? பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, வேட்டியால் நாற்காலியோடு கட்டி, ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாக, படி படியாக இறக்கினார்கள். தெரு முழுக்கக் கூடி நின்றது. நானும் நின்றேன். அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார். ஆனால் இறக்க ஆன நேரம் முழுக்க அவர் கண்கள் மூடியே இருந்தன, அந்த இரும்பு மட்டும் அதிர்ந்துகொண்டே இருந்தது.

இதெல்லாம் நடக்கும் என்று எனக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. டிப்ளமோ படிக்கும்போது வகுப்பில் குதுப் மினாரைப் பற்றி ஆசிரியர் சொன்னார். 379 படிகள், உள்ளே சுற்றிச் சுற்றி ஏறும் குறுகிய வழி. 1981 டிசம்பர் 4 அன்று உள்ளே மின்விளக்கு அணைந்தது. இருட்டில் நெரிசல். நாற்பதுக்கும் மேற்பட்டோர் அந்தப் படியிலேயே இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். அதற்குப் பிறகு பொதுமக்களை உள்ளே ஏற விடுவதில்லை. இதைக் குறிப்பேட்டில் எழுதி, தேர்விலும் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான்.

என்னை உண்மையில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது, விழுந்த அந்த அம்மாவின் எலும்பைப் பற்றிப் படிக்கத் தொடங்கியதுதான். எலும்பு, தசைநாண், தோல் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்து வைத்திருக்கும் புரதம் கொலாஜன். அதன் அமைப்பைக் கண்டுபிடித்தது நம் சென்னையில்தான். ஜி.என். ராமச்சந்திரன் 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்தார். இங்கிலாந்திலிருந்து வந்திருந்த அறிவியலாளர் பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். தோல் என்றால் அதற்கு அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே. அங்கிருந்து கங்காரு வாலின் தசைநாண் கிடைத்தது. அதில் ஊடுகதிர் பாய்ச்சிப் படமெடுத்து, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-இல் விடையை நேச்சர் இதழில் வெளியிட்டார். சுருளான மூன்று இழைகள் சேர்ந்த முப்புரி. அடுத்த ஆண்டே அதைத் திருத்தி, அந்த மூன்று இழைகளும் ஒரு பொது அச்சைச் சுற்றி முறுக்கிக்கொள்கின்றன என்று காட்டினார்கள்.

அந்த முப்புரிக்கு ஒரு நிபந்தனை உண்டு. மூன்று இழைகளும் நெருங்கி வரும் நடு அச்சில் இடம் மிகக் குறைவு. அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியதான கிளைசின் மட்டுமே அங்கே நுழைய முடியும். ஆகவே ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது இடம் தோறும் கிளைசின் வந்தாக வேண்டும். அந்த இடத்தில் வேறு பெரிய அமிலம் ஒன்று மாறி உட்கார்ந்துவிட்டால் எலும்பு எளிதில் நொறுங்கும் பிறவி நோய்கள் வருகின்றன.

இதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் கொண்டாடித் திரிந்த எல்லாச் சுருள்களும் ஒவ்வொன்றாக வந்து இதையே சொல்லின. சக்கின் தட்டில் அந்தப் பள்ளம் மையம் வரை போவதில்லை. நடுவில் ஓட்டைதான், அந்த வழியாகக் கம்பி போகும். நத்தை ஓட்டின் உச்சியில் உள்ள மிகச் சிறிய சுற்று அது குஞ்சாக இருந்தபோது கட்டியது. வளர்ந்த நத்தை தன் அகலமான உடம்பை வாய்ப்பக்கமே வைத்துக்கொள்கிறது. பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் 1955 முதல் செய்துவந்த ரயில் பெட்டிகள் பலவும் சுருள்வில்லின் மேல்தான் நிற்கின்றன. அந்த வில்லின் நடுவும் வெற்றிடம். சுமை ஏறும்போது கம்பியின் உட்புறத்தில்தான் இறுக்கம் அதிகம். விரிசல் விடுவதும் பெரும்பாலும் அங்கிருந்துதான். நியூயார்க்கில் 1959-இல் திறந்த குகன்ஹைம் அருங்காட்சியகம் முழுதும் ஒரே சுருள் சாய்தளம். ஃபிராங்க் லாயிட் ரைட் நடுவைக் காலியாக விட்டு, மனிதர்களை வெளிச்சுற்றில் நடக்க விட்டார். ஈராக்கில் சமர்ராவின் பழைய மினாரும் அப்படியே. வழி அதன் மேனியைச் சுற்றி வெளியே ஏறுகிறது. சுருளின் நடுவில் இடமில்லை. அதைக் கையாண்டவர்கள் எல்லோரும் நடுவை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். நான் அந்த நடுவையும் சேர்த்து விற்றேன். வாங்கியவர்கள் அதில் கால் வைத்தார்கள்.

இன்னொன்று. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்கு மாணவனாகப் போயிருக்கிறேன். இரண்டாம் இராசராசன் காலத்துக் கோயில், 12-ஆம் நூற்றாண்டு. முன்மண்டபத்துப் படிகளின் பக்கச் சுவரில் யாளியின் துதிக்கை வளைந்து இறங்கிக் கீழே சுருண்டு நிற்கும். அந்தச் சுருளை எத்தனை கோணத்தில் படம் எடுத்தேன்! அதன் பக்கத்திலேயே இருந்த படிகளைப் பார்க்கவில்லை. அவை நேர்ப் படிகள். சுருளைக் கைப்பக்கம் செதுக்கிவிட்டு, கால் வைக்கும் இடத்தை நேராக விட்டிருக்கிறார் அந்தச் சிற்பி. எண்ணூறு ஆண்டுக்கு முன்னாலேயே இந்த நாட்டில் தெளிவாக இருந்த ஒன்றை நான் பட்டயம் வாங்கிய பிறகும் கற்கவில்லை.

சாரிடம் போய்ச் சொன்னேன். மிரர் போட்டதையும், நான்கடி போதாது என்று தெரிந்திருந்ததையும், மருத்துவமனை வாசலில் பொய் சொன்னதையும். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். "அன்னைக்கே சொல்லியிருந்தா அவள நான் திட்டியிருக்க மாட்டேனே தம்பி" என்றார். உள்ளே போய் மனைவியை அழைத்து வந்து, "இவர்கிட்டயே கேளு" என்றார். அந்த அம்மாவிடம் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ நான் சரியாத்தான் இறங்கினேனா?" என்றார். "ஆமாம்மா" என்றேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த வீட்டின் முன்பக்கம் ஸ்கூட்டர் நிற்கும் இடத்தை எடுத்து நடுவில் மேடை வைத்துத் திரும்பும் படி கட்டினோம். இரும்புச் செலவில் என் பங்கைக் கொடுத்தேன். அதனால் கணக்கு நேராகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. மற்ற வீடுகளுக்கும் போய்ச் சொல்லி வருகிறேன். சிலர் மாற்றினார்கள். சிலருக்குப் பணம் இல்லை. சிலர், "இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகலையே" என்று அனுப்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அந்த நம்பிக்கையைக் கொடுத்தவனே நான்தான்.

வீடு கட்டப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேல் வீட்டுக்கு ஒரே வழி சுழல் படி என்று யாராவது வரைந்து கொடுத்தால், அவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். நோயாளியைப் படுக்க வைத்து இதில் இறக்க முடியுமா? கையில் வாளியோடு இறங்கும் வயதானவரின் எந்தக் கை கைப்பிடியில் இருக்கும்? சரியான பதில் வரவில்லை என்றால் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இருபது சதுர அடிக்காக அதை ஏற்க வேண்டாம். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு எப்போதோ ஒருமுறை ஏறுவதற்குச் சுழல் படி போதும். குடியிருக்கும் வீட்டுக்குப் போதாது.

ஏற்கெனவே இருக்கிறது, இப்போதைக்கு மாற்ற வசதி இல்லை என்றால், இவற்றையாவது செய்யுங்கள். வயதானவர்களைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவாருங்கள். அடியிலும் உச்சியிலும் விளக்குப் போடுங்கள். படியில் வழவழப்பான தகடு இருந்தால் செக்கர் பிளேட் அடியுங்கள். நடுக்குழாயில் படி பற்றவைத்திருக்கும் இடத்தில் துரு இருக்கிறதா என்று மழைக்காலத்துக்கு முன்பு சுரண்டிப் பாருங்கள். சாமான் தூக்கிக்கொண்டு இறங்காதீர்கள். கயிறு கட்டி இறக்குங்கள்.

அயனம்பாக்கம் பக்கம் உங்கள் வீட்டில் இருப்பது நான் வரைந்த படி என்று தெரிந்தால், தயங்காமல் என்னைக் கூப்பிடுங்கள். வந்து அளந்து, மாற்றுப் படிக்கு வரைந்து கொடுக்கிறேன். அதற்குக் கூலி வாங்க மாட்டேன்.